தூத்துக்குடியில் குடும்பப் பெயர், லிஸ்பனில் ஆளின் பெயர்

கேள்வி: என் பெயர் தஸ்நேவிஸ் பர்னாந்து. தூத்துக்குடிதான் பிறந்த ஊர். மத்திய அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். மகள் லிஸ்பனில் மேற்படிப்பு படிக்கிறாள். அவள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என் முதற்பெயரான தஸ்நேவிஸ்தான் இருக்கிறது. அங்கே வங்கிக் கணக்கு தொடங்கப் போனபோது, ‘இது எங்கள் ஊர்ப் பெயராயிற்றே, நீங்கள் போர்த்துக்கீசியக் குடும்பமா?’ என்று கேட்டிருக்கிறார்கள். ‘இல்லை, எங்கள் குடும்பப் பெயர் பர்னாந்து’ என்று இவள் சொல்ல, ‘அது ஆளுக்கு வைக்கிற பெயர், குடும்பப் பெயர் இல்லையே’ என்று சிரித்தார்களாம். இந்தப் பெயர்களுக்கு என்ன பொருள்? எங்களுக்குப் போர்த்துக்கீசிய ரத்தம் உண்டா? மரபணுச் சோதனை செய்து பார்க்கலாம் என்கிறாள் மகள். என் ஆவணங்களில் பர்னாந்து, பெர்னாண்டோ, பெர்னாண்டஸ் என்று மூன்று விதமாக இருக்கிறது; எது சரி? முன்னோர் பெயர்களைத் தேட வேண்டுமானால் எங்கே தொடங்குவது? இதற்கிடையே ஒரு முகவர், இந்தப் பெயரை வைத்தே போர்த்துக்கீசியக் குடியுரிமை வாங்கித் தருகிறேன் என்கிறார். நம்பலாமா?

— வாசகர், தூத்துக்குடி

பதில்: முகவர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பெயரைப் பார்த்துக் குடியுரிமை தரும் சட்டம் போர்ச்சுகலில் இல்லை. கோவா, டாமன், டையூ மூன்றும் 1961 டிசம்பர் 19 வரை போர்ச்சுகலின் கையில் இருந்தன. அதற்கு முன் அங்கே பிறந்து, அந்தப் பிறப்பு அங்கேயே பதிவாகியிருப்பவர்களும் அவர்களுடைய வழிவந்தவர்களும்தான் அந்தப் பதிவைக் காட்டி விண்ணப்பிக்கிறார்கள். தூத்துக்குடியையோ 1658-லேயே டச்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். உங்கள் குடும்பத்துக்குக் காட்டுவதற்கு அப்படி ஒரு பதிவு இருக்கவே முடியாது. இருந்தும் ஒருவர் ‘முடித்துத் தருகிறேன்’ என்றால், கோவாவில் பிறந்ததாக ஒரு போலிக் காகிதம் தயாராகப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாட்டிக்கொள்வது அவரில்லை, கையெழுத்துப் போடும் நீங்கள். வேற்றுநாட்டுக் குடியுரிமை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்பதையும் இந்த முகவர்கள் கடைசியில்தான் சொல்வார்கள், சொன்னால்.

இனி பெயர். லிஸ்பனில் சிரித்தவர்கள் தப்பாகச் சிரிக்கவில்லை. உங்கள் பெயர் அந்த ஊரில் தலைகீழாக நிற்கிறது. நீங்கள் முதற்பெயராக வைத்திருப்பது அங்கே குடும்பப் பெயர். குடும்பப் பெயராக வைத்திருப்பது அங்கே முதற்பெயர். ‘பெர்னாந்து தஸ் நேவிஸ்’ என்று மாற்றிச் சொன்னால் அங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவ்வளவு சாதாரணமான பெயர் அது.

தஸ்நேவிஸில் தொடங்குகிறேன், அதுதான் உங்கள் ஊரின் மண்வாசனை உள்ள பெயர். போர்த்துக்கீசிய மொழியில் ‘நேவ்’ என்றால் உறைபனி. ‘நேவிஸ்’ அதன் பன்மை. முன்னால் நிற்கும் ‘தஸ்’ நம்முடைய ஆறாம் வேற்றுமை உருபு போன்றது: ‘-களின்’. ஆக, தஸ்நேவிஸ் என்றால் ‘பனிகளின்’. பாதியில் நிற்பதுபோல் இருக்கிறதல்லவா? பாதிதான். முழுத்தொடர் ‘நோசா சென்யோரா தஸ் நேவிஸ்’, அதாவது பனிகளின் எம் அன்னை. பனிமய மாதா. ரோமாபுரியில் நான்காம் நூற்றாண்டில், கொளுத்தும் ஆகஸ்ட் மாதத்தில் எஸ்குவிலின் குன்றின்மீது பனி பெய்து, கோயில் கட்ட வேண்டிய இடத்தை மாதாவே காட்டினாள் என்பது ஐதிகம். அந்தக் குன்றின்மேல் இருப்பதுதான் இன்றைய மரியா மஜ்ஜோரே பேராலயம். திருநாள் ஆகஸ்ட் 5. உங்கள் ஊர்க் கோயிலின் திருநாளும் அதே நாள்தான். போர்த்துக்கீசியர் போன இடத்துக்கெல்லாம் இந்த மாதாவையும் கொண்டுபோனார்கள். பிரேசிலில் இன்று ஜுவாங் பெசோவா என்று அழைக்கப்படும் நகரம் 1585 ஆகஸ்ட் 5 அன்று நிறுவப்பட்டது. அன்று அதற்கு வைத்த பெயரிலும் இதே ‘தஸ் நேவிஸ்’ உண்டு.

உறைபனியைக் கண்ணால் பார்த்திராத கடற்கரையில் இந்தப் பெயரைத் தமிழாக்கியவர்கள் ‘பனி’ என்ற சொல்லை எடுத்தார்கள். தூத்துக்குடியில் பனி என்றால் மார்கழிப் பனிதான். அதனால் என்ன, பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரே வீட்டில் அண்ணன் தஸ்நேவிஸ், தங்கை பனிமேரி என்று இருப்பதைப் பார்க்கலாம். இரண்டும் ஒரே பெயர். ஒன்று மூலம், மற்றது மொழிபெயர்ப்பு. இப்படி மாதாவின் பட்டத்தையே ஆளுக்குச் சூட்டுவது போர்த்துக்கீசிய வழக்கம். அங்கே ‘தோரிஸ்’ என்றால் இங்கே வியாகுலம், அங்கே ‘ரொசாரியு’ என்றால் இங்கே செபமாலை, அங்கே ‘கொன்செய்சாங்’ என்றால் இங்கே அமலோற்பவம். வியாகுலமும் அமலோற்பவமும் தமிழ்ப் பெயர்களாகவே நிலைத்துவிட்டன. தஸ்நேவிஸோ தன் உருவத்தோடு தப்பி வந்திருக்கிறது. அங்கே இது குடும்பப் பெயரும்தான்: பிரேசிலின் குடியரசுத் தலைவராக 1985-ல் தேர்வாகி, பதவியேற்கும் முன்பே இறந்துபோன தன்கிரேது நேவிஸ் அந்தப் பெயர்க்காரர்தான்.

பர்னாந்துவின் கதை வேறு. அது லத்தீனிலிருந்து வந்த பெயர் அல்ல, புனிதர் பெயராகப் பிறந்ததும் அல்ல. ரோமப் பேரரசு சரிந்தபின் ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதிகளை ஆண்ட விசிகோத்தியர் என்ற ஜெர்மானிய இனத்தாரின் பெயர். இரண்டு சொற்கள் சேர்ந்தது. பின்பாதிக்குத் ‘துணிவு’ என்று பொருள், அதில் சண்டையில்லை. முன்பாதியைச் சிலர் ‘சமாதானம்’ என்ற சொல்லோடும் சிலர் ‘பயணம்’ என்ற சொல்லோடும் சேர்க்கிறார்கள். கடலோடிகளுக்குப் பயணமும் துணிவும் பொருந்தி வருகிறதே என்று மகிழ வேண்டாம். உங்கள் முன்னோருக்குப் பெயர் வைத்தவர்களுக்கே இந்தப் பொருள் தெரிந்திருக்காது. அவர்களுக்கு அது அரசர்களும் பிரபுக்களும் தாங்கிய ஒரு பெயர், அவ்வளவே. 1367 முதல் 1383 வரை போர்ச்சுகலை ஆண்ட மன்னரின் பெயரும் பெர்னாந்துதான். இன்னொரு செய்தி உங்கள் வீட்டில் ரசிக்கப்படும்: நம் கடற்கரையில் ஊருக்கு ஊர் குருசடி வைத்துக் கும்பிடுகிற புனித அந்தோணியார் பிறந்தது பாதுவாவில் அல்ல, லிஸ்பனில். சபைத் துறவியாகி அந்தோணி ஆகும் முன்பு அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் பெர்னாந்து.

போர்ச்சுகலில் பெர்னாந்து என்பவரின் மகன் பெர்னாந்திஸ். கடைசியில் வரும் ‘இஸ்’ தான் ‘மகன்’. ரொத்ரிகுவின் மகன் ரொத்ரிகிஸ், லோப்புவின் மகன் லோப்பிஸ், வாஸ்குவின் மகன் வாஸ்கிஸ், அது தேய்ந்து வாஸ். குடும்பப் பெயராக அங்கே பரவியது இந்த மகன் வடிவம்தான். வெறும் பெர்னாந்து குடும்பப் பெயராக வருவது அங்கே அபூர்வம். கோவாவிலும் மங்களூரிலும் போர்ச்சுகலைப் போலவே பெர்னாந்திஸ். முத்துக்குளித்துறை என்ற உங்கள் கரையிலும் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் நீர்கொழும்பு, மன்னார் போன்ற பகுதிகளிலும் பர்னாந்து. ரொத்ரிகோ என்ற முதற்பெயரும் இதே இரு கரைகளிலும் குடும்பப் பெயராகியிருக்கிறது. மன்னார் வளைகுடாவின் இரு கரையும் ஒரே முத்துக்குளிப்புத் தொழிலில் பிணைந்திருந்தவை, பெயரும் அப்படியே. சிங்களத்தில் ‘ப்ரனாந்து’ என்பார்கள்.

இப்போது ரத்தம் பற்றிய கேள்விக்கு வருவோம். 1530-களில் முத்துக்குளிப்பு உரிமையில் முஸ்லிம் வணிகர்களோடு ஏற்பட்ட மோதலில் உங்கள் கரையின் கடலோடிச் சமூகமான பரதவர் நெருக்கடிக்கு ஆளாயினர். அவர்களுடைய ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிமார் கொச்சிக்குத் தூது போய்ப் போர்த்துக்கீசியரின் காவலைக் கேட்டார்கள். அதன் தொடர்ச்சியாக 1535 முதல் 1537 வரை ஊர் ஊராக ஞானஸ்நானம் நடந்தது. இந்தத் தூதுக்கு வழிகாட்டியவர் ஜுவாங் தா குரூஸ் என்ற குதிரை வணிகர். பெயரைக் கேட்டால் லிஸ்பன்காரர் என்று தோன்றும். ஆள் கோழிக்கோட்டைச் சேர்ந்தவர், லிஸ்பன் போனபோது ஞானஸ்நானம் பெற்று அந்தப் பெயரை வாங்கியவர். பிறகு பரதவரின் சாதித் தலைவரும் அதே ஜுவாங் தா குரூஸ் என்ற பெயரைப் பெற்றார். ஒருவர் பெயர் இன்னொருவருக்குப் போன வழி இதுதான்: ஞானத்தகப்பனின் பெயர், சடங்கில் நின்ற அதிகாரியின் பெயர், குருவானவரின் பெயர், ஊரில் செல்வாக்கான ஒருவரின் பெயர். 1545 ஜனவரியில் சவேரியார் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. திருவிதாங்கூர்க் கரையில் ஞானஸ்நானம் கொடுத்த முறையை அதில் விவரிக்கிறார். ஆண்களுக்குக் கொடுத்து, ஒவ்வொருவருடைய புதுப்பெயரையும் எழுதிக் கையில் தந்து அனுப்புவார்; அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெண்டு பிள்ளைகளை அனுப்பிவைப்பார்கள். ஒரு துண்டுச் சீட்டில் வந்த பெயர்! அதில் ரத்தத்துக்கு என்ன வேலை?

முத்துக்குளித்துறையில் பர்னாந்து வீட்டுப் பெண்ணைப் பர்னாந்து வீட்டுக்குக் கட்டிக்கொடுப்பதில் யாரும் தவறு காண்பதில்லை. பெயர் ஒரு வம்சத்தைக் குறித்திருந்தால், பங்காளிக்குள் பெண் கொடுப்பதாகுமே? ஊருக்கே தெரியும், அது வம்சப் பெயர் இல்லை என்று.

மரபணுச் சோதனையை மகள் ஆசைப்பட்டால் செய்யட்டும். பெயரைப் பற்றிய கேள்விக்கு அது பதில் தராது. 1536-லிருந்து இன்றுவரை, தலைமுறைக்கு 30 ஆண்டு என்று வைத்தால், ஏறக்குறைய 16 தலைமுறை. ஒவ்வொரு தலைமுறைக்கும் முன்னோர் எண்ணிக்கை இரட்டிப்பதால் 16-ஆம் தலைமுறையில் 65,536 இடங்கள். அவற்றில் ஓரிடத்தில் ஒரு போர்த்துக்கீசியர் இருந்திருந்தாலும் அவர் பங்கு 65,536-ல் ஒன்று. அவ்வளவு தூரத்து முன்னோரிடமிருந்து ஒரு துணுக்குகூட வந்து சேராமல் போவதே பெரும்பாலும் நடப்பது. அறிக்கையில் ‘தென் ஐரோப்பா 1 விழுக்காடு’ என்று வந்தால் அதை ஒப்பீட்டுக் கணக்கின் பிழை என்று தள்ளிவிடுங்கள், குடும்ப வரலாறாக்கிவிடாதீர்கள். அப்பாவின் அப்பாவின் அப்பா என்று நேர் ஆண்வழியைக் காட்டும் சோதனை தனியாக உண்டு. அதையும் மகளிடம் எடுக்க முடியாது. நீங்கள்தான் எச்சில் கொடுக்க வேண்டும்.

எழுத்து விஷயம்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. உங்கள் வீட்டில் ‘பெர்னாண்டோ’ என்பது நாகரிகமான வடிவம், ‘பர்னாந்து’ என்பது கொச்சை என்று யாராவது நினைத்திருந்தால், உண்மை அதற்கு நேர்மாறு. போர்த்துக்கீசியர் சொல்லின் கடைசியில் வரும் அழுத்தமில்லாத ஒகரத்தை உகரமாகவே உச்சரிப்பார்கள். எழுதுவது பெர்னாந்தோ, சொல்வது பெர்னாந்து. தமிழும் குறில் ஒகரத்தில் சொல்லை முடிக்காது என்பதால் இரண்டும் ஒத்துப்போயின. சந்தியாகோ நம்மிடம் சந்தியாகு ஆனதும் இப்படித்தான். அதேபோல் அவர்களுடைய ‘த’ பல்லில் நாக்குப் படும் த, நம் தகரமேதான். அதனால்தான் பாத்ரெ பாதிரியானார், ஆங்கில எழுத்தைப் பார்த்தால் ‘வரண்டா’ என்று எழுதத் தோன்றும் சொல் நம் வீட்டு முகப்பில் வராந்தாவாக நிற்கிறது. ஆங்கிலேயனின் டகரம் அப்படியல்ல. அது நம் காதில் எப்போதும் ‘ட’ என்றே விழும், டாக்டர், டிக்கெட் போல. ஆக, பர்னாந்து என்பது 16-ஆம் நூற்றாண்டில் காதால் கேட்டு எழுதியது. பெர்னாண்டோ என்பது ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பிற்காலத்தில் வாசித்தது. தஸ்நேவிஸிலும் இதே சாட்சி உண்டு. எழுத்தில் அது நேவெஸ். அழுத்தமில்லாத எகரத்தை அவர்கள் விழுங்கிச் சொல்வது நம் காதுக்கு இகரம். சாவெ சாவியானதுபோல நேவெஸ் நேவிஸ் ஆனது. உங்கள் மகள் வங்கியில் தன் பெயரைத் தூத்துக்குடி உச்சரிப்பில் சொன்னதாலேயே அவர்களுக்கு அது சொந்த ஊர்ப் பெயராகக் கேட்டிருக்கும். ஆங்கிலப் பள்ளிக்கூட உச்சரிப்பில் சொல்லியிருந்தால் கேட்டிருக்காது.

பெர்னாண்டஸ் எப்படி நுழைந்தது? ஆங்கிலத்தில் எழுதும்போது குமாஸ்தாவுக்குத் தெரிந்த வடிவத்தை எழுதுவது வழக்கம். தூத்துக்குடிக்குக் குடிநீர் கொண்டுவந்த நகராட்சித் தலைவரைத் தமிழில் குரூஸ் பர்னாந்து என்று சொல்கிறோம். ஆங்கிலத்தில் அவர் பெயர் கடைசியில் இஸட் போட்டு குரூஸ் பெர்னாண்டஸ் என்றே எழுதப்படுகிறது. ஒரே ஆள், இரண்டு வடிவம். எனவே எஸ் இருந்தால் கோவா, இஸட் இருந்தால் ஸ்பெயின் என்று யாராவது விதி சொன்னால் முழுக்க நம்பாதீர்கள். பழைய போர்த்துக்கீசிய எழுத்திலும் இஸட் உண்டு.

‘எது சரி’ என்பதற்கு மொழி சார்ந்த பதிலும் அலுவலகம் சார்ந்த பதிலும் வேறு வேறு. தமிழில் பர்னாந்து என்றே எழுதுங்கள். போர்ச்சுகல் வழக்குப்படி திருத்துகிறேன் என்று பெர்னாண்டஸாக மாற்றப் போகாதீர்கள். 400 ஆண்டுக்கு மேல் உங்கள் கரையில் வழங்கிவரும் வடிவத்தில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. அலுவலகத்தில் ஆங்கில எழுத்துதான் பேசும். தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக இருப்பது சிக்கல் இல்லை. ஆங்கிலத்திலேயே இரண்டு விதமாக இருப்பதுதான் சிக்கல். ஓய்வு பெற்றவர் என்பதால் முதலில் ஓய்வூதிய ஆணையை எடுத்துப் பாருங்கள். அதில் உள்ள உங்கள் பெயரும் மனைவியின் பெயரும் ஆதார், பான் அட்டை, வங்கிக் கணக்கு மூன்றிலும் ஓர் எழுத்து பிசகாமல் இருக்கிறதா? பிற்பாடு குடும்ப ஓய்வூதியம் வாங்கும்போதும் வாரிசுச் சான்று கேட்கும்போதும் தட்டுவது இந்த இடத்தில்தான். அப்போது விளக்கம் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள். ஓய்வூதிய ஆணையில் உள்ள எழுத்தை அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதற்கு இழுங்கள். எதிர்த்திசையில் போனால் வேலை பத்து மடங்கு. ஆதாரும் பானும் எளிதில் திருந்தும். பழைய பத்திரம், பட்டா போன்றவற்றில் பெர்னாண்டஸ் என்று இருந்தால், ‘இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும்’ என்ற உறுதிமொழிப் பத்திரம் நோட்டரி முன் எழுதி ஆவணத்தோடு வைத்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். அதையும் ஏற்காத இடம் வந்தால்தான் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு. அறிவிப்பு வெளியானதும் முதல் வேலையாக எழுத்துப்பிழை பாருங்கள். பெயரைத் திருத்தப் போய்ப் பிழையோடு அச்சானால் நான்காவது வடிவம் ஒன்று கையில் இருக்கும்.

முன்னோரைத் தேடும் வேலை பங்குக் கோயிலில் தொடங்குகிறது. பாப்பரசர் ஆட்சியின் கீழ் கூடிய திரிதெந்து சங்கம் 1563-ல்தான் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் பதிவேடு வைக்கச் சொன்னது. உங்கள் ஊர் ஞானஸ்நானங்கள் அதற்கு 26 ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டன. ஆகவே, ‘எங்களுக்குப் பெயர் கொடுத்த அந்த முதல் பர்னாந்து யார்’ என்று தேடிக் கிளம்பாதீர்கள். நான்கு, ஐந்து தலைமுறையை நோக்கமாக வையுங்கள்.

உங்கள் ஞானஸ்நானச் சீட்டிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். அதில் அப்பா, அம்மா பெயர் இருக்கும். அடுத்து அவர்களுடைய திருமணப் பதிவு. அதில் இருவருடைய பெற்றோர் பெயரும் சொந்தப் பங்கும் வரும். திருமணத்துக்கு முன் கோயிலில் அறிவிக்கும் கல்யாண ஓலை இரண்டு ஊரிலும் வாசிக்கப்பட்டிருக்கும் என்பதால், மணமகள் ஊர்ப் பங்கிலும் ஒரு தடயம் கிடைக்கும். பிறகு தாத்தாவின் ஞானஸ்நானம். அதன்பின் அவருடைய பெற்றோர் திருமணம். ஒரு படியைத் தாண்டி அடுத்ததற்குக் குதிக்காதீர்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை வரும். அதோடு பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் அதே தாத்தாவின் பெயரையே சுமந்திருப்பார்கள். 1890-களின் ஏட்டில் ஒரே ஊரில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் வியப்பில்லை. ஆளைப் பிரித்துக் காட்டுவது தாயின் பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும்தான். இவை இரண்டும் ஒத்துவராத பதிவை, எவ்வளவு ஆசையாக இருந்தாலும், உங்கள் வம்சக்கொடியில் ஏற்றாதீர்கள்.

பழைய ஏடுகள் லத்தீனில் இருக்கும், பலர் திரும்பி வந்துவிடுவது இங்கேதான். மொழி தெரிய வேண்டியதில்லை, ஒரே வாய்பாடுதான்: தேதி, ‘எகோ’ (நான்), குருவின் பெயர், ‘பாப்திசாவி’ (ஞானஸ்நானம் கொடுத்தேன்), குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், ‘பத்ரினி’ (ஞானப்பெற்றோர்). ஏமாற்றுவது பெயர்கள். குருவானவர் தமிழ்ப் பெயரையும் லத்தீனாக்கி எழுதியிருப்பார். வீட்டில் சூசை என்று கூப்பிட்டவர் ஏட்டில் யோசேபுஸ். சந்தியாகு என்றால் யாக்கோபுஸ். அருளப்பன் என்றால் யோவான்னெஸ், சின்னப்பன் என்றால் பவுலுஸ். தஸ்நேவிஸைத் தேடினால் ஒருவேளை ‘மரியா ஆத் நீவெஸ்’ என்று ஒளிந்திருக்கும். இன்னொரு கண்ணி: தகப்பன் பெயர் ‘இன்னாரின் மகன்’ என்று வேற்றுமை ஏற்று வரும். யோசேபுஸ் அங்கே யோசேபி, யாக்கோபுஸ் யாக்கோபி. இதை வேறு ஆள் என்று எண்ணி விட்டுவிடுவார்கள். குடும்பப் பெயர் பெரும்பாலும் மாறாமல் கிடக்கும். வரியின் கடைசிச் சொல்லில் கண்ணை ஓட்டி அதை முதலில் பிடித்துக்கொண்டு, பின்னால் வந்து மற்றதை வாசிப்பது எளிது.

ஓரக்குறிப்புகளை விடாதீர்கள். 1908-லிருந்து, ஒருவருக்கு எந்த ஊரில் திருமணம் நடந்தாலும் அதை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்பது திருச்சபை விதி. வேறு ஊருக்குக் கட்டிக்கொடுத்துத் தடம் மறைந்துபோன அத்தைகளும் பெரிய அத்தைகளும் அந்தக் குறுகிய ஓரத்தில் கிடைப்பார்கள். புன்னைக்காயலா, மணப்பாடா, கொழும்பா என்று அங்கேதான் தெரியும்.

ஏட்டைப் பார்க்கக் கேட்கும்போது ‘குடும்ப வரலாறு எழுதுகிறேன், எல்லாம் பார்க்க வேண்டும்’ என்று போய் நிற்காதீர்கள். பெயர், பெற்றோர் பெயர், ஐந்தாண்டு எல்லை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் பங்கு அலுவலகத்தில் உபதேசியாரோ எழுத்தரோ தேடித் தர மனம் வைப்பார்கள். ஜூலை 26 கொடியேற்றத்திலிருந்து ஆகஸ்ட் 5 திருநாள் முடியும்வரை அந்தப் பக்கம் இந்த வேலையாகப் போகவே வேண்டாம். பேனா கொண்டுபோகாதீர்கள், பென்சில் போதும். உப்புக்காற்று தின்ற தாள், மடிப்பில் விரல் வைத்தால் ஒடியும். படம் எடுக்க அனுமதி கிடைத்தால் பிளாஷ் இல்லாமல், அந்த வரியை மட்டுமின்றிப் பக்கம் முழுவதையும் எடுங்கள். ஆண்டு பெரும்பாலும் பக்கத்தின் தலையில் மட்டுமே இருக்கும்.

ஒரு பங்கில் ஏடு கிடைக்கவில்லை என்றால் அழிந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். தூத்துக்குடி மறைமாவட்டம் 1923-ல்தான் உருவானது. அதற்கு முன் அது திருச்சி மறைமாவட்டத்தின் கீழ் இருந்தது. அதோடு 19-ஆம் நூற்றாண்டில் கரையூர்களில் கோவா குருமார் ஒருபக்கமும் மதுரை மிஷன் சேசு சபையார் ஒருபக்கமுமாக அதிகாரப் பிளவு இருந்தது. உங்கள் கொள்ளுத்தாத்தா எந்தப் பக்கம் நின்றாரோ அந்தக் கோயில் ஏட்டில்தான் இருப்பார், இப்போது நீங்கள் போகும் கோயிலில் அல்ல. கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில் சேசு சபை ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே கடிதங்களும் மிஷன் குறிப்புகளும்தான் முக்கியம், குடும்பப் பதிவுகளை எதிர்பார்த்து மலையேறாதீர்கள்.

கடைசியாக மகளின் பாஸ்போர்ட். குடும்பப் பெயர்க் கட்டத்தில் தஸ்நேவிஸ் இருப்பது பிழையல்ல, இனிஷியலை விரித்து எழுதும் தமிழ்நாட்டு வழக்கம் அப்படி விழுந்திருக்கிறது. பர்னாந்து என்பதைச் சேர்க்க வேண்டும் என்று தோன்றினாலும் படிப்பு முடியும்வரை கை வைக்காதீர்கள். பாஸ்போர்ட்டில் ஒரு சொல் மாறினால் அங்கே தங்குவதற்கான அனுமதி, வரி எண், வங்கி, பல்கலைக்கழகப் பதிவு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பட்டச் சான்றிதழ் எந்தப் பெயரில் வரும் என்ற குழப்பம் வேறு. அங்கே படிவங்களில் ‘நோமி’ என்று கேட்கும் இடத்தில் அவள் தன் பெயரையும், ‘அப்பலீது’ என்று கேட்கும் இடத்தில் தஸ்நேவிஸையும், பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரே சொல்லாக எழுதட்டும். எழுத்தர் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு அதை ‘தஸ் நேவிஸ்’ என்று இரண்டாகப் பிரித்து ஏற்றிவிடுவார். ரசீதை வாங்கிய இடத்திலேயே பார்த்துச் சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும்.